இருபதாயிரம் லிட்டரும் கொஞ்சம் தண்ணீரும்: ஒரு பெட்ரோல் பங்க் மேனேஜரின் குறிப்புகள்

பெட்ரோலியச் சட்டம் 1934-ஆம் வருடத்தது. அதன் கீழ் நடப்பில் இருக்கும் விதிகள் 2002-ஆம் வருடத்தவை. இரண்டையும் எடுத்து வாசித்தால் பக்கத்துக்குப் பக்கம் தீ, தீப்பொறி, ஆவி என்றுதான் வரும். அதில் தப்பில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து ஓடையிலும் குழியிலும் போய்த் தங்கும். அதற்குப் பயந்துதான் டேங்கை மண்ணுக்குள் புதைக்கச் சொல்கிறார்கள். டேங்கின் ஆவி வெளியேறும் வென்ட் பைப் தரையிலிருந்து குறைந்தது 4 மீட்டர் உயரம் போகவேண்டும், அதன் வாயில் இரட்டைக் கம்பிவலை போடவேண்டும் என்பதும் அதனால்தான்.

ஆனால் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று என்று வருடத்தில் இரண்டு தடவை கொட்டித் தீர்க்கிற குமரி மாவட்டத்தில் பங்க் பார்த்துக்கொள்கிறவன் தூக்கம் கெடுவது தீயால் குறைவு, தண்ணீரால் அதிகம். தக்கலைக்கு மேற்கே ஒரு பங்கில் வருடக்கணக்காக மேனேஜராக இருக்கிறேன். முதலாளி இரண்டாவது பங்க் போட்டபோது குழி வெட்டியதிலிருந்து கூட நின்றேன். இடம் பார்க்கிறவர்களுக்கும், பங்கில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கும், பங்குக்குப் பக்கத்தில் வீடும் கிணறும் வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் காகிதம். அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2002 விதிகளில் 144-ஆம் விதிப்படி ஆட்சியர் அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். வருவாய்த் துறை, காவல் துறை, தீயணைப்புத் துறை, உள்ளாட்சி, நெடுஞ்சாலை என்று ஒவ்வொருவரும் அறிக்கை கொடுப்பார்கள். மனு கொடுத்த மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது விதி. அந்தச் சான்றோடு பெசோ எனப்படும் பெட்ரோலிய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கு விண்ணப்பித்தால் 14-ஆம் எண் படிவத்தில் உரிமம் வரும். அதன் தலைமையகம் நாக்பூரில், நம் பக்கத்துக்கான அலுவலகம் சென்னையில். விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான்.

நம் மாவட்டத்தில் காகிதம் இழுப்பது பெரும்பாலும் நிலத்தில். திருவிதாங்கூர் காலத்துப் பழைய சர்வே நம்பர் ஆதாரத்தில், அதாவது பத்திரத்தில், இருக்கும், ரீசர்வே நம்பர் வேறாக இருக்கும், தண்டப்பேர் என்கிற வருவாய்க் கணக்கு இன்னொருவர் பெயரில் கிடக்கும். மூன்றையும் ஒரே வரிசையில் கொண்டுவந்துவிட்டு மனுப் போட்டால் பாதி அலைச்சல் மிச்சம். குத்தகை நிலம் என்றால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். இடத்தின் மேல் உள்ள உரிமை போனால் உரிமமும் போகும் என்று விதியிலேயே இருக்கிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை முடியாத நிலத்தில் டேங்க் புதைப்பது வழக்கையும் சேர்த்துப் புதைப்பதுதான்.

தூரக் கணக்கு 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொண்டுவந்த வழிகாட்டுதலில் இருக்கிறது. புதிய பங்க் என்றால் பள்ளிக்கூடம், 10 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனை, உள்ளூர்ச் சட்டப்படி குடியிருப்பு என்று வகுத்த பகுதி, இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். லோடு இறக்கும் வாய், பெட்ரோல் போடும் மெஷின், வென்ட் பைப் மூன்றில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதிலிருந்து அளப்பார்கள். இடம் நெருக்கடி என்றால் கூடுதல் பாதுகாப்பு செய்துகொண்டு இறங்கலாம், ஆனால் 30 மீட்டருக்குக் கீழே போகவே முடியாது. இதில் 'வகுத்த பகுதி' என்ற சொல்லில்தான் நம் ஊர்ச் சண்டை எல்லாம் கிடக்கிறது. இங்கே வீடு, தென்னை, வாழை, ரப்பர், மறுபடி வீடு என்று களியக்காவிளை வரைக்கும் விட்டுவிடாமல் போகிறது. எது குடியிருப்பு, எது தோட்டம்? பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபம் எழுதினால் அவர் வீடு காகிதத்தில் எந்த வகையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பேச்சு நடக்கும். என்னைக் கேட்டால், காகிதம் இடம் கொடுத்தாலும் குடிக்கிற கிணற்றுக்குப் பக்கத்தில் டேங்க் போடக்கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

இனி குழி. முதலாளி வாங்கிய இடம் ரோட்டோரம் நல்ல முகப்பு. ஜேசிபி பத்தடி தோண்டியதும் கீழேயிருந்து தண்ணீர் ஊறத் தொடங்கியது. மெஷின் ஓட்டிய பெரியவர் இறங்கி வந்து சொன்னார்: "சாரே, இது பண்டு கொளத்துக்கக் கரையாக்கும். மழ வந்தா வெள்ளம் கீழ இருந்து தள்ளும் கேட்டியளா." நெடுஞ்சாலை ஓரத்தில் ஏலா என்கிற வயலும் குளமும் மண் போட்டு நிரத்திய இடங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. வாங்குவதற்கு முன் ஆடி மாதத்தில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. வேனலில் இடம் பார்ப்பவர்களுக்கு எல்லா நிலமும் காய்ந்த நிலம்தான்.

தண்ணீர் எப்படித் தள்ளும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 20,000 லிட்டர் டேங்க் என்றால் அது விலக்கும் தண்ணீர் 20 டன். நிலத்தடி நீர் டேங்குக்கு மேலே ஏறினால் 20 டன் விசை கீழேயிருந்து மேலே தூக்கும். இரும்பு டேங்கின் எடை இரண்டு மூன்று டன்தான். சரி, பெட்ரோல் நிரப்பிவிட்டால் அமுங்காதா என்று நான் கேட்டேன். நிறுவனத்திலிருந்து வந்த சைட் இன்ஜினியர் தம்பி சிமெண்ட் சாக்கில் பேனாவால் எழுதிக் காட்டினான். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் 20,000 லிட்டருக்கு 15 டன். டேங்கின் எடையையும் சேர்த்தால் 18 டன் வரும். அதாவது கழுத்து வரை பெட்ரோல் நிரப்பி வைத்தாலும், தண்ணீர் மூடிய டேங்க் மிதக்கத்தான் பார்க்கும். அதைக் கீழே பிடித்து வைப்பது அடியில் போடும் கான்கிரீட் தளமும், டேங்கைச் சுற்றி அதோடு கட்டும் இரும்புப் பட்டையும், மேலே இருக்கும் மண்ணும்தான்.

இந்த இடத்தில்தான் காண்ட்ராக்டரோடு தகராறு. "மணல் போட்டா அதுவே புடிச்சுக்கிடும், பட்டை எதுக்கு?" என்பது அவர் கட்சி. தளத்தையும் மெலிதாக்கிவிடலாம் என்றார். இன்னொரு யோசனையும் வைத்திருந்தார்: டேங்கைச் சுற்றி நிரப்ப கடல் மணல் சல்லிசாகக் கிடைக்கும் என்று. உப்பு ஏறிய மணல் ஈரத்தோடு இரும்பில் ஒட்டிக்கிடந்தால் என்ன ஆகும் என்று கடற்கரையில் வீட்டு ஜன்னல் கம்பி பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டாம். அதிலும் டேங்க் துருப்பிடிப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. உப்பில்லாத, கல் இல்லாத மணல்தான் வேண்டும். ஒரு கூர்க்கல் டேங்கின் மேல்பூச்சைக் கீறினாலும் அந்த இடத்தில் துரு பிடித்துக்கொள்ளும். முதலாளி சைட் இன்ஜினியர் பக்கம் நின்றார். பட்டை கட்டி, டேங்கை இறக்கிய உடனே உள்ளே தண்ணீர் நிரப்பச் சொன்னார்கள். அது தேவையாக இருந்தது. மணல் நிரப்பி முடிக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு மூன்று நாளில் வெறும் டேங்காகக் கிடந்திருந்தால் குழாய் இணைப்பெல்லாம் முறுக்கிக்கொண்டு மேலே வந்திருக்கும்.

குழியை மூடும் முன் பட்டை, தளம், பூச்சு, வெல்டிங், எல்லாவற்றையும் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்து தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு அந்த டேங்கை யாரும் பார்க்கப்போவதில்லை. அதேபோல உரிமத்தோடு வரும் வரைபடத்தையும் ஒரு நகல் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டுங்கள். முன் அனுமதி இல்லாமல் அதில் உள்ளதை மாற்றக்கூடாது. எங்கள் முதலாளிக்கு வென்ட் பைப் பக்கம் ஒரு சாயாக்கடை போட்டால் கூட்டம் வரும் என்று ஆசை. வரைபடத்தைக் காட்டித்தான் நிறுத்தினேன். எங்கள் உரிமம் எண்ணெய் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, ஆனாலும் சோதனைக்கு வருகிறவர் கேள்வி கேட்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவனைத்தான்.

பங்க் ஓடத் தொடங்கிய பிறகு தண்ணீர் வேறு வழியில் வரும். மேலேயிருந்து. டேங்குக்கு மேல் மேன்ஹோல் குழி, லோடு இறக்கும் வாய், அளவுகோல் இறக்கி மட்டம் பார்க்கிற டிப் போடும் வாய் எல்லாம் தரை மட்டத்தில் இருக்கின்றன. மூடியின் ரப்பர் வாஷர் ஒன்று வெடித்திருந்தால் போதும், ஒரே ராத்திரி மழையில் உள்ளே இறங்கிவிடும். முன்பெல்லாம் இது அவ்வளவு பெரிய கவலை இல்லை. தண்ணீர் அடியில் தங்கும், பம்ப் அதற்கு மேலே இருந்து உறிஞ்சும், ஆள் வந்து அடித்தண்ணீரை எடுத்துவிடுவார். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. 2022-இல் நூற்றுக்குப் பத்து, 2023-இலிருந்து படிப்படியாக இருபது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை. கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலுக்குள்ளேயே கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டு தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். இரண்டும் சேர்ந்திருப்பதால் அந்த அடுக்கு வெறும் தண்ணீரைவிடப் பெரியது, பம்ப் உறிஞ்சும் உயரத்துக்கும் வந்துவிடும். அதை வாங்கிப் போன பைக் அடுத்த வளைவு தாண்டாது. மேலே மிஞ்சிய பெட்ரோலும் பழைய பெட்ரோலாக இருக்காது. டேங்கில் உள்ளது முழுவதையும் எடுத்து அனுப்பவேண்டியதுதான்.

அதனால் எங்களிடம் ஒரு பழக்கம். வைகாசி முடியும் முன் எல்லா மூடிகளின் வாஷரையும் மாற்றிவிடுவோம், நன்றாக இருந்தாலும். மழை நாளில் காலை ஒரு தடவை, ஷிப்ட் மாறும்போது ஒரு தடவை டிப் ராடின் நுனியில் பேஸ்ட் தடவி இறக்குவோம். தண்ணீர் பட்டால் நிறம் மாறும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு என்று தனி பேஸ்ட் இருக்கிறது, அதைத்தான் வாங்கவேண்டும். பழைய பேஸ்ட் இந்த அடுக்கைச் சரியாகக் காட்டாது. இன்னொன்று, குழியில் தேங்கிய தண்ணீரை முதலில் கோரி வெளியே ஊற்றித் துடைத்துவிட்டு அப்புறம் டிப் மூடியைத் திறக்கவேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத் திறந்ததாலேயே தண்ணீர் உள்ளே போன டேங்குகள் உண்டு.

ஸ்டாக் கணக்கில் ஒரு விஷயம் புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாமல் சண்டை வரும். லாரி வெயிலில் வந்திருக்கும், டேங்க் மண்ணுக்குள் குளிர்ச்சியாக இருக்கும். பெட்ரோல் ஒரு டிகிரி குறைந்தால் ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலே சுருங்கும். 12,000 லிட்டர் லோடு பத்து டிகிரி குளிர்ந்தால் கிட்டத்தட்ட 140 லிட்டர் காணாமல் போகும். எங்கள் பங்கில் ராத்திரி ஷிப்ட் பையன் ஒருவன் மேல் இப்படிச் சந்தேகம் விழுந்தது, அவன் அழாத குறை. லாரியின் வெப்பநிலையையும் மறுநாள் டேங்கின் வெப்பநிலையையும் எழுதி வைத்திருந்ததால் கணக்கு நேராயிற்று. டென்சிட்டி, அதாவது அடர்த்தி, பார்க்கும்போது தெர்மாமீட்டர் கையில்தானே இருக்கிறது, அந்த எண்ணையும் புத்தகத்தில் ஏற்ற என்ன கஷ்டம்?

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. உண்மையிலேயே கசிந்தால் டிப் ராடு காட்டுமா? எங்கள் டேங்க் சுமார் இரண்டு மீட்டர் விட்டம், ஆறரை மீட்டர் நீளம். பாதி நிறைந்திருக்கும்போது ராடில் ஒரு மில்லிமீட்டர் என்பது பன்னிரண்டு பதின்மூன்று லிட்டர். ராடில் ஒரு மில்லிமீட்டரை யாரும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. அப்படியென்றால் ஒரு ராத்திரிக்கு பத்து லிட்டர் மண்ணுக்குள் போனாலும் டிப்பில் தெரியாது. ஒரு நாள் கணக்கைப் பார்த்துப் பயனில்லை. மாதம் முழுவதும் கூடுதல் குறைவை எழுதிப் பாருங்கள். சாதாரணமாக இன்று கூடும், நாளை குறையும். விடாமல் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே போனால் ஏதோ இருக்கிறது. தானியங்கி அளவுக்கருவி இருக்கும் டேங்கிலும் இந்தப் புத்தகத்தை நான் நிறுத்தவில்லை.

கிணற்றுக் கதை பழைய பங்கில் நடந்தது. பின்பக்கத்து வீட்டு அம்மை ஒருநாள் வாளியோடு வந்து நின்றார்கள். "மக்களே, கெணத்து வெள்ளம் ஒரு மாதிரி நாறுது. மோந்து பாரு." மோந்தேன். டீசல். அந்த இடத்திலேயே 'எங்கள் டேங்க் சரியாகத்தான் இருக்கிறது' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அம்மையோடு பழக்கம் இருந்ததால் அது நடக்கவில்லை. அன்றே அந்த வீட்டுக்குக் குடிதண்ணீர் வண்டி ஏற்பாடு செய்தோம், நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்தோம், டீசல் விற்பனையை நிறுத்தி ராத்திரி முழுக்க டேங்கை அசையாமல் வைத்து டிப் எடுத்தோம். டேங்க் குறையவில்லை. குழாய்களைச் சோதித்ததிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் குற்றவாளி லோடு இறக்கும் வாயைச் சுற்றிய சின்னக் குழி. அதன் சிமெண்ட் தளம் கீறியிருந்தது. நாலு அங்குல ஹோஸ் நாலு மீட்டர் நீளம் என்றால் அதன் வயிற்றில் முப்பது லிட்டர் பிடிக்கும். இறக்கி முடித்ததும் ஹோஸை லாரிப் பக்கம் தூக்கித் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை டேங்குக்குள் வடிக்கவேண்டும். அவசரக்கார கிளீனர்கள் அப்படியே கழற்றிவிடுவார்கள். ஒவ்வொரு லோடுக்கும் கொஞ்சம் கொஞ்சம், கீறல் வழியாக மணலுக்கு, மணலிலிருந்து மழையோடு கிணற்றுக்கு.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது ஆய்வுக்கூடத்தில் சொன்னார்கள்: பிளாஸ்டிக் குப்பி ஆகாது, கண்ணாடிக் குப்பியில் காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஐஸில் வைத்துக் கொண்டுவரவேண்டும். இல்லாவிட்டால் தேடுகிற பொருள் வழியிலேயே ஆவியாகிவிடும். நல்லவேளை டீசல், பெட்ரோல் என்றால் இன்னும் மோசம். இப்போதைய புகைத் தரமான பி.எஸ். 6-க்கான பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை பென்சீன் இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கணக்குப் போட்டால், பென்சீன் அந்த உச்ச அளவில் இருக்கும் ஒரு லிட்டர் பெட்ரோல் எட்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். புற்றுநோய் வரவைக்கும் பொருள் அது. குழித் தளத்தை மாற்றிப் போட்டோம், ஹோஸ் வடியும் வரை எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று வைத்தோம். அம்மை வீட்டுக் கிணற்றைப் பலமுறை இறைத்து, மழைக்காலம் முடிந்து சோதனை சரியான பிறகும் குடிக்க அந்தத் தண்ணீரை எடுக்கவேண்டாம் என்றுதான் சொன்னோம். செடிக்குப் போகிறது. நாற்றம் வந்தால் முதல் நாளே வாளியோடு வாருங்கள் என்பதுதான் பங்குக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது. பங்கில் காது கொடுக்கவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதலாம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்துப் போனபோது மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க கேனும் பீப்பாயுமாக வரிசை. அதிலிருந்து பலர், கல்யாண மண்டபம், ரப்பர் கம்பெனி, முந்திரி ஆலை என்று, டீசலை வாங்கி அடுக்கி வைக்கத் தொடங்கினார்கள். சட்டப்படி உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 2,500 லிட்டர் வரை டீசல் வைக்கலாம், எந்த ஒரு கலனும் 1,000 லிட்டரைத் தாண்டக்கூடாது. மண்ணெண்ணெயும் இந்த வகைதான். பெட்ரோல் வேறு வகை. உரிமம் இல்லாமல் மொத்தம் 30 லிட்டர்தான், அதுவும் 25 லிட்டருக்கு மேற்படாத, இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில். பிளாஸ்டிக் கேனுக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. கடற்கரை ஊர்களில் வள்ளத்து என்ஜினுக்கு என்று அடுக்களைச் சுவர் ஓரம் பெட்ரோல் கேன் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். குளச்சலில் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு அண்ணாச்சி, "அப்ப எங்க வைக்க?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான், துறைமுகத்திலேயே பொதுவாக ஒரு கிடங்கு கேட்டு மனுக் கொடுக்கச் சொன்னேன்.

கடைசியாக, பழைய டேங்க். பழைய பங்கில் ஒன்றை மாற்றினோம். காலி டேங்க்தானே என்று ஸ்கிராப் வியாபாரி காஸ் கட்டரோடு வந்தார். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட மோசம், உள்ளே முழுக்க ஆவியும் காற்றும். சுவரில் ஒட்டிய கசடிலிருந்து நாள்கணக்கில் ஆவி வந்துகொண்டே இருக்கும். தகுதிபெற்ற ஆள் கருவி வைத்துப் பார்த்து, உள்ளே வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தராமல் அதற்குள் ஆள் இறங்கவோ நெருப்பு கொண்டுபோகவோ கூடாது. சான்று பழைய தேதியாக இருந்தாலும் பயனில்லை, வேலை நடக்கும் அன்றைக்கு உள்ளதாக இருக்கவேண்டும். வியாபாரி, "இதுக்கெல்லாம் நின்னா கட்டுபடியாகாது" என்று விலையைக் குறைத்துக் கேட்டார். முதலாளி அந்தக் குறைந்த விலைக்கே சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு: வாயு நீக்கிச் சான்று வாங்கும் செலவு எங்களுடையது, அது கைக்கு வரும் வரை கட்டர் பங்க் வாசலைத் தாண்டக்கூடாது.